படௌக் பூவைக் கிட்டத்தில் எடுத்தால் ஏன் மங்கலாக வருகிறது?

2018 ஏப்ரல் 10, காலை

பர்மாவின் மோல்மேன் ஊரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அப்படியே தருகிறேன்.

"அண்ணே, நேற்று சாயங்காலம் நல்ல மழை. இன்று விடிந்து பார்த்தால் தெருமுனைப் படௌக் மரம் முழுக்க மஞ்சள். நூறு படத்துக்கு மேல் எடுத்துவிட்டேன். கேமராவின் சின்னத் திரையில் அழகாகத்தான் இருந்தது. கம்ப்யூட்டரில் போட்டால் எல்லாம் மங்கல். கேமராவோடு வந்த லென்ஸ் பூவுக்கு ஆகாது, கிட்டத்தில் எடுக்கிற மேக்ரோ லென்ஸ் வாங்கு என்கிறார் கடைக்காரர். அது எனக்கு இரண்டு மாதச் சம்பளம். வாங்கட்டுமா? நாளைக்குள் பூ உதிர்ந்துவிடும்."

2018 ஏப்ரல் 10, மத்தியானம்

வாங்காதே தம்பி.

வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. படௌக் என்பது நம் வேங்கை மரத்துக்குப் பர்மாவில் இருக்கிற பங்காளி. மொட்டு மழைக்குக் காத்துக்கொண்டிருக்கும். சித்திரை பிறக்கிற சமயம் முதல் மழை விழுந்ததும் ஊரில் உள்ள மரமெல்லாம் ஒன்றாகப் பூக்கும். மறுநாளே தரையெல்லாம் மஞ்சள். ரங்கூனில் அன்றைக்குப் பெண்கள் எல்லார் தலையிலும் படௌக்தான் இருக்கும். ஆக, எடுக்க நமக்குக் கிடைப்பது ஒரே நாள். தப்பு செய்தால் அடுத்த மழை வரை, இல்லையென்றால் அடுத்த வருஷம் வரை காத்திருக்க வேண்டும். அதனால்தான் இதை இத்தனை அக்கறையாகப் பேசுகிறேன்.

உன் படங்கள் மங்கியதற்குக் காரணம் லென்ஸ் இல்லை, காற்று. பூ ஒவ்வொன்றும் கட்டைவிரல் நகம் அளவுதான், கொத்தோ மெல்லிய காம்பில் தொங்குகிறது. மூச்சு விட்டாலே ஆடும். ஷட்டர் வேகத்தை 1/250 நொடிக்குக் குறையாமல் வை. வெளிச்சம் போதவில்லை என்றால் கேமராவின் ஒளி உணர்வை, அதாவது ஐஎஸ்ஓவை, 800க்கு ஏற்று. புள்ளி புள்ளியாக இரைச்சல் வந்தால் பரவாயில்லை, அதைப் பிறகு குறைக்கலாம். ஆடிப்போன படத்தை மீட்க வழியே கிடையாது.

2018 ஏப்ரல் 11

"கிட்ட போனால் ஃபோகஸே ஆகவில்லையே" என்று தம்பி திரும்பக் கேட்கிறார். சரி, அதற்கு எக்ஸ்டென்ஷன் ட்யூப் போதும். கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் மாட்டுகிற வெறும் குழாய், உள்ளே கண்ணாடியே இருக்காது. கணக்கும் சுலபம். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்குப் பின்னால் 25 மில்லிமீட்டர் குழாயைப் போட்டால், பூ தன் உண்மையான அளவில் பாதியாக, கேமராவுக்குள் படத்தைப் பதிகிற சென்சார் மேல் விழும். படௌக் பூவுக்கு அதுவே தாராளம். வெளிச்சம் ஒரு ஸ்டாப்புக்கு, அதாவது பாதிக்கு, கொஞ்சம் மேலே குறையும்.

வாங்கும்போது உள்ளே மின்தொடர்புப் புள்ளிகள் இருக்கிறதா என்று பார். அது இல்லாத குழாய் மலிவாகக் கிடைக்கும். ஆனால் அதை மாட்டினால் அபெர்ச்சரை, அதாவது லென்ஸ் ஓட்டையின் அளவை, கேமராவிலிருந்து மாற்ற முடியாது.

2018 ஏப்ரல் 12

நேற்று முன்தினம் 1/250 என்று சொன்னேனே, அது போதாது. ராத்திரி உட்கார்ந்து கணக்குப் போட்டேன்.

பூ நொடிக்கு 5 சென்டிமீட்டர் ஆடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அது ரொம்ப மெல்லிய ஆட்டம், கண்ணுக்குச் சாதுவாகத் தெரியும். 1/250 நொடியில் பூ 0.2 மில்லிமீட்டர் நகர்ந்துவிடும். பாதி அளவில் எடுக்கும்போது சென்சார் மேல் அது 0.1 மில்லிமீட்டர். என் கேமரா 24 மெகாபிக்சல். அதில் ஒரு பிக்சல் சுமார் 0.004 மில்லிமீட்டர். இருபத்தைந்து பிக்சல் இழுபடுகிறது! 1/1000 வைத்தாலும் ஆறு பிக்சல் போய்விடும். தூரத்தில் ஓடுகிற சைக்கிள் ரிக்‌ஷாவை நிறுத்துகிற வேகம், கைக்கெட்டும் தூரத்தில் ஆடுகிற பூவிடம் தோற்றுவிடுகிறது. இத்தனை வருஷம் படம் எடுத்தும் இந்தக் கணக்கை நான் போட்டுப் பார்த்ததில்லை.

ஷட்டர் மட்டும் போதாது, வேறு வழியும் வேண்டும். திஞ்சான், அதாவது பர்மியப் புத்தாண்டுத் தண்ணீர்த் திருவிழா, முடியட்டும், எழுதுகிறேன்.

2018 ஏப்ரல் 18

தண்ணீர்த் திருவிழா நான்கு நாளும் கேமரா பிளாஸ்டிக் பைக்குள்தான் இருந்தது. அது முடிந்து நேற்று விடியற்காலை மறுபடி மழை, படௌக் இன்னொரு தடவை பூத்தது. இந்தத் தடவை ரங்கூன் கண்டோஜி ஏரிப் பக்கம் போகவில்லை. எங்கள் சின்னம்மா வீட்டு இரண்டாம் மாடி பால்கனிக்குப் போனேன். மரத்தின் நடுக்கிளை கம்பிக்கு நேராக வந்து நிற்கிறது. கீழே நின்று அண்ணாந்து எடுத்தால் பூவின் முதுகும் வெளுத்த வானமும்தான் கிடைக்கும். மாடியில் பூ முகத்துக்கு முகம்.

இரண்டு மணி நேரம் நின்றதில் கற்றதைச் சொல்கிறேன்.

கிளையின் நுனியில் இருக்கிற கொத்தை விட்டுவிடு. தடித்த கிளையை ஒட்டிப் பூத்த கொத்து பாதிகூட ஆடாது. அழகான கொத்தெல்லாம் நுனியில்தான் இருக்கும், மனசு அங்கேதான் போகும், அது வேறு விஷயம்.

அடுத்தது ஊஞ்சல். ஊஞ்சல் நடுவில்தான் வேகமாகப் போகும், இரண்டு கோடியிலும் ஒரு கணம் நிற்கும். காற்றில் ஆடுகிற பூவும் அப்படித்தான். நான் இவ்வளவு நாளும் பூ நடுவுக்கு வரும்போது பட்டனை அமுக்கிக்கொண்டிருந்தேன், ஏனென்றால் ஃபோகஸ் வைத்த இடம் அது. அதாவது மிக வேகமாகப் போகிற கணத்தில்! இப்போது பூ ஆடி முடிக்கிற கோடியில் ஃபோகஸ் வைத்துக் காத்திருக்கிறேன். 1/500இல் பத்துக்கு மூன்று தேறியது. முன்பு பத்துக்கு ஒன்று தேறினால் பெரிய விஷயம்.

காற்று முழுசாக ஓய்கிற கணமும் உண்டு. இலைகளைப் பார்த்தால் தெரியும். வியூஃபைண்டருக்குள்ளேயே கண்ணை வைத்துக்கொண்டிருந்தால் தெரியாது.

2018 ஏப்ரல் 18, ராத்திரி

காலையில் எழுதியது பாதிதான் சரி.

தேறாத ஏழு படங்களையும் பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டில்தான் பூ ஆடிய தடம் இருக்கிறது, எல்லா ஓரமும் ஒரே திசையில் இரட்டையாகத் தெரிகிறது. மற்ற ஐந்தில் அது இல்லை. அவற்றில் பூவுக்குப் பின்னால் இருக்கிற இலைக்காம்பு ஊசி மாதிரிக் கூர்மையாக இருக்கிறது, அல்லது முன்னால் நீட்டிய மொட்டு. அதாவது பூ ஆடவில்லை, நான் ஆடியிருக்கிறேன். பக்கவாட்டில் இல்லை, முன்னும் பின்னும். நிற்கிற மனுஷன் யாராக இருந்தாலும் மூச்சுக்குத் தக்கபடி சில மில்லிமீட்டர் முன்னே பின்னே சாய்ந்துகொண்டேதான் இருப்பான். அபெர்ச்சரை எஃப் 8இல் வைத்து, பாதி அளவில் எடுத்தால், தெளிவாக விழுகிற ஆழமே சுமார் 2 மில்லிமீட்டர். உண்மையான அளவுக்குப் போனால் 0.6 மில்லிமீட்டர். லென்ஸுக்குள் இருக்கிற நடுக்கத் தடுப்பு இந்த முன்பின் ஆட்டத்தைத் தடுக்காது.

அதனால் ஆட்டோஃபோகஸை அணைத்துவிட்டேன். ஃபோகஸ் வளையத்தை ஒரு இடத்தில் நிறுத்திவிட்டு, உடம்பையே மெதுவாக முன்னால் சாய்க்கிறேன். பூவின் நடுவில் கேசரம் தெளிவாகிற கணத்தில் மூன்று படம் தொடர்ச்சியாக. முழங்கையை பால்கனிக் கம்பியில் ஊன்றிக்கொள்ள வேண்டும். ட்ரைபாட் வைக்க இடமிருந்தால் வைக்கலாம், ஆனால் காற்றில் பூ நகர்ந்துகொண்டே இருக்கும்போது ட்ரைபாட் பாதி உதவிதான்.

2018 ஏப்ரல் 20

ஒருவர் கேட்கிறார்: "ஆழம் போதவில்லை என்றால் எஃப் 22 வைத்துவிட வேண்டியதுதானே?"

வைத்துப் பார்த்தேன். பூ முழுக்க ஃபோகஸில் இருக்கிறது, எங்கேயும் கூர்மை இல்லை. எஃப் எண் கூடினால் லென்ஸ் ஓட்டை சிறிதாகும், சின்ன ஓட்டை வழியாக வரும்போது ஒளி விரிந்து பரவும். கிட்டப் போகப் போக அது இன்னும் கூடும். பாதி அளவில் எடுக்கும்போது நீ வைத்த எஃப் 22 நடைமுறையில் எஃப் 33 மாதிரி நடந்துகொள்ளும். நான் எஃப் 8இலிருந்து எஃப் 11க்குள் நின்றுவிடுகிறேன். ஆழத்தைக் கோணத்தில் தேடுகிறேன். பூவின் முகத்துக்கு நேர் இணையாகக் கேமராவின் முதுகு இருந்தால், 2 மில்லிமீட்டரில் ஒரு பூவே அடங்கிவிடும். கொஞ்சம் சாய்ந்தால் ஒரு இதழ்தான் கிடைக்கும்.

2018 மே 5

இதை எழுதத்தான் பத்து நாளாக யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் படங்களில் ஒரு வகை பாக்கி இருந்தது. பூ ஆடவில்லை. ஃபோகஸும் சரியான இடத்தில்தான் இருக்கிறது, கேசரத்தை எண்ண முடிகிறது. ஆனாலும் பூ மங்கல். இதழ் கசங்கின பட்டு மாதிரிச் சுருக்கம் சுருக்கமாக இருக்க வேண்டும், படௌக் அழகே அதுதான். படத்திலோ மஞ்சள் பெயின்டை அப்பின மாதிரி வழவழவென்று இருக்கிறது.

அப்பாவிடம் காட்டினேன். அவர் காளி கோயில் பக்கம் நாற்பது வருஷமாக மாலை கட்டுகிறவர். கேமரா பிடித்தவர் இல்லை. பார்த்துவிட்டு, "இது பிளாஸ்டிக் பூடா, ரேகையே இல்லையே" என்றார். ரேகை எங்கே போனது என்று தேடித்தான் விஷயம் பிடிபட்டது.

மஞ்சள் என்பது சிவப்பும் பச்சையும் சேர்ந்தது, நீலம் கிட்டத்தட்ட இல்லை. ஏப்ரல் வெயிலில் சிவப்புத் தடம், அதாவது கேமரா சிவப்புக்கு மட்டும் பதிகிற அளவு, உச்சியைத் தொட்டு அங்கேயே நின்றுவிட்டது. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே எண் என்றால் சுருக்கம் எங்கிருந்து தெரியும்? கேமரா காட்டுகிற வெள்ளை ஹிஸ்டோகிராமில், அதாவது வெளிச்ச வரைபடத்தில், எல்லாம் பத்திரமாக இருந்தது. அது மூன்று நிறத்தையும் சேர்த்த சராசரி. சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியாகக் காட்டுகிற ஹிஸ்டோகிராமைத் திறந்தால் சிவப்பு வலது சுவரில் மோதிக்கொண்டு நிற்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறம் பளிச்சென்று வரட்டும் என்று கேமராவை நான் 'விவிட்' என்கிற நிற அமைப்பில் வைத்திருந்தேன். அது நிறத்தை இன்னும் ஏற்றி, இருந்த ரேகையையும் அழித்துவிட்டது. பூ பளிச்சென்று தெரிவது நிறத்தை ஏற்றுவதால் இல்லை. இதழில் ஒரு பக்கம் வெளிச்சமும் ஒரு பக்கம் மெல்லிய நிழலும் விழ வேண்டும். இதை இவ்வளவு தாமதமாகப் புரிந்துகொண்டதில் எனக்கு வருத்தம்தான். எத்தனை வருஷத்துப் படௌக் இப்படிப் போயிருக்கும்.

மோல்மேன் தம்பி, உன் நூறு படங்களையும் அழிக்காதே. ரா ஃபைல், அதாவது சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கிற மூலக் கோப்பு, இருந்தால் எனக்கு அனுப்பு.

2018 மே 6

அவரிடம் ரா இல்லை, ஜேபெக் மட்டும்தான். போனது போனதுதான்.

2018 மே 9

"அப்படியென்றால் மஞ்சள் பூவுக்கு எப்போதும் மைனஸ் வைக்கலாமா?" என்று, அதாவது கேமரா கணிக்கிற வெளிச்சத்தைவிடக் குறைத்து எடுக்கலாமா என்று, இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். எப்போதும் என்று இல்லை. கரும்பச்சை இலைகளுக்கு நடுவில் ஒரு சின்னப் பூ என்றால், கேமரா இலையைப் பார்த்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். பூ வெந்துபோகும், அங்கே மைனஸ் ஒன்று. அதே பூ படம் முழுக்க நிறைந்திருந்தால் கேமரா மஞ்சளைப் பார்த்து தானே குறைத்துவிடும், மைனஸ் வைத்தால் சேறு மாதிரி வரும். எண்ணை மனப்பாடம் செய்யாமல் சிவப்பு ஹிஸ்டோகிராமைப் பார்ப்பது நல்லது.

2018 ஜூன் 24

மழை பிடித்துக்கொண்டது. இனி அக்டோபர் வரை இப்படித்தான்.

மழைக்காலம் பூப்படத்துக்குக் கெட்ட காலம் என்று நினைக்கிறவர்கள் ஒரு தடவை வெளியே வந்து பாருங்கள். வானமே ஒரு பெரிய வெள்ளைத் துணி. நிழல் மெத்தென்று விழுகிறது. எங்கள் மாடிச் செம்பருத்தியை நேற்று இரண்டு மழைக்கு நடுவில் எடுத்தேன். சிவப்புப் பூவில் சிவப்புத் தடம் மஞ்சள் பூவைவிடச் சீக்கிரம் உச்சிக்குப் போகும், அதனால் ஒன்றரை ஸ்டாப் இறக்கி எடுத்தேன். நரம்பெல்லாம் வந்திருக்கிறது.

இதழில் மழைத்துளி இருந்தால் ஒரு சிக்கல். துளிக்குள் பின்னால் இருக்கிற பூ தலைகீழாகத் தெரியும். அதைத் தெளிவாக்கினால் துளியின் ஓரம் மங்கும், ஓரத்தைத் தெளிவாக்கினால் உள்ளே இருக்கிற பூ மங்கும். இரண்டும் ஒரே தளத்தில் இல்லை. எது வேண்டும் என்று முதலிலேயே முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

வெயில் நாளில் இந்த மெத்தென்ற வெளிச்சம் வேண்டும் என்றால் குடை பிடிக்கலாம். பர்மாவின் பஸ்ஸெய்ன் ஊரில் செய்த குடை ஒன்று வீட்டில் இருந்தது, காவி நிறம். அதைப் பிடித்து வெள்ளை நந்தியாவட்டையை எடுத்தேன், பூ முழுக்க ஆரஞ்சு சாயம். கம்ப்யூட்டரில் வெள்ளையைச் சரிசெய்தால் இலை நீலமாகிறது, ஏனென்றால் இலைக்கு வந்தது குடை வெளிச்சம் இல்லை, திறந்த வெளிச்சம். பிறகு அப்பாவின் பழைய வெள்ளை வேட்டியை நான்கு மூங்கில் குச்சியில் கட்டினேன். காசும் இல்லை, சாயமும் இல்லை. காற்றையும் ஒரு பக்கம் மறைக்கிறது.

2018 ஜூன் 25

சொல்ல மறந்தது. ரங்கூன் மழைக்காலத்தில் லென்ஸை அலமாரியில் சும்மா வைக்காதீர்கள், பூஞ்சை பிடிக்கும். எனக்குப் போன வருஷம் ஒரு நல்ல 50 மில்லிமீட்டர் அப்படிப் போனது. கண்ணாடியில் சிலந்தி வலை மாதிரி படர்ந்துவிட்டது. இப்போது இறுக மூடுகிற சாப்பாட்டு டப்பாவில் சிலிக்கா ஜெல் போட்டு வைக்கிறேன். நீலமாக இருந்த மணி ஈரம் குடித்து இளஞ்சிவப்பானால், வாணலியில் லேசான சூட்டில் வறுத்தால் திரும்ப நீலமாகும். ஏசி அறையிலிருந்து நேராக வெளியே வந்தால் லென்ஸ் வியர்க்கும். பைக்குள்ளேயே கால் மணி நேரம் இருக்கட்டும்.

2018 ஆகஸ்ட் 12

போனில் எடுக்கிறவர்கள் நிறையப் பேர் கேட்கிறார்கள். சுருக்கமாகச் சொல்கிறேன். முட்டுகிற மாதிரிக் கிட்டப் போகாதீர்கள், போனின் நிழலே பூ மேல் விழும், ஃபோகஸும் ஆகாது. ஒரு சாண் தள்ளி நின்று எடுத்துவிட்டுப் பிறகு வெட்டிக்கொள்ளுங்கள். திரையில் பூவைத் தொட்டுப் பிடித்தால் ஃபோகஸ் பூட்டிக்கொள்ளும். பல போன்களில் விரலைக் கீழே இழுத்தால் வெளிச்சம் குறையும். மஞ்சள், சிவப்புப் பூ வெந்துபோகிற மாதிரித் தெரிந்தால் இழுங்கள்.

2018 டிசம்பர் 30

குளிர் வந்தாயிற்று, தாசின் பூத்திருக்கிறது.

தாசின் என்பது ஆர்க்கிட் வகை. மரக்கட்டையில் வளரும், சின்னஞ்சிறு வெள்ளைப் பூக்கள் சரமாகத் தொங்கும். பர்மிய அரசர் காலத்தில் அரண்மனைக்கு மட்டுமே உரிய பூவாக இருந்தது. வாசனை வந்த பிறகுதான் பூவே கண்ணில் படும், அவ்வளவு சிறியது. அப்பாவுக்குத் தெரிந்த ஒரு பூக்காரம்மா ஒரு கட்டையை ஒரு நாளைக்கு இரவல் தந்தார். சாயங்காலம் திருப்பிக் கொடுக்க வேண்டும்.

ஏப்ரலில் கற்றதெல்லாம் இதில் ஒன்றாக வந்தது. மாடியில் வேட்டியைக் கட்டினேன். சரத்தின் அடிக்காம்பைத் துணி மாட்டுகிற கிளிப்பால் மூங்கில் குச்சியோடு பிடித்தேன், நசுங்காமல் இருக்க நடுவில் பஞ்சு. பின்னால் இரண்டு முழம் தள்ளி அப்பாவின் கறுப்புக் கைலி. கறுப்பு நிறைய இருந்ததால் கேமரா வெள்ளைப் பூவை வெந்துபோக விட்டது, ஒன்றேகால் ஸ்டாப் இறக்கினேன். காற்று இல்லாத ஏழரை மணிக்கு ட்ரைபாட்டில் வைத்து, ஃபோகஸை நூலிழை நூலிழையாக நகர்த்திப் பன்னிரண்டு படம் எடுத்துக் கம்ப்யூட்டரில் ஒன்றாக அடுக்கினேன். படௌக்கில் இதை நினைத்தே பார்க்க முடியாது, இரண்டாம் படத்துக்குள் பூ வேறெங்கோ போயிருக்கும்.

அப்பா பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். நான் பிடித்த சரத்தைத் தள்ளிவிட்டு இன்னொன்றைக் காட்டினார். "நீ பிடித்தது நேற்றுப் பூ. ஓரம் சுருள ஆரம்பித்துவிட்டது, பார்." எனக்கு வெறும் கண்ணில் தெரியவில்லை. எடுத்துப் பெரிதாக்கினால், இதழின் ஓரத்தில் முடி அளவு பழுப்புக் கோடு. பூ வாடுவது ஓரத்தில்தான் தொடங்குமாம். இனி லென்ஸை மாட்டுவதற்கு முன்னால் எந்தப் பூ என்று அவரைக் கேட்டுவிட்டுத்தான்.

2019 ஏப்ரல் 15

பூத்துவிட்டது! சின்னம்மா வீட்டு பால்கனி, காலை ஆறே கால். மொத்தம் நாற்பது படம், ஒன்பது தேறியது. அவற்றில் இரண்டு அப்பா ஒப்புக்கொண்டவை.

2019 ஏப்ரல் 16

மோல்மேன் தம்பியும் அனுப்பியிருக்கிறார். அதே பழைய லென்ஸ், 25 மில்லிமீட்டர் குழாய், 1/640, எஃப் 9, ஐஎஸ்ஓ 1600. தடித்த கிளையை ஒட்டின கொத்து. மஞ்சள் கொஞ்சம் அடக்கமாக இருக்கிறது, ஒவ்வொரு இதழிலும் சுருக்கத்துக்குச் சுருக்கம் நிழல் விழுந்திருக்கிறது. இடது ஓரப் பூவில் மட்டும் லேசாக ஆட்டம். அதைக் கேட்டால், அது கோடியில் நிற்கிற கணத்தை ஒரு தும்பி வந்து கெடுத்துவிட்டது என்கிறார்.

லென்ஸுக்கு வைத்திருந்த காசு அப்படியே இருக்கிறதாம். இனி படௌக் காய்க்கும் வரை காத்திருந்து, அந்த வட்டக் காயின் சிறகைப் பின்வெளிச்சத்தில் எடுக்கப் போகிறார். அதற்கு எந்தப் பக்கம் வேட்டி கட்டுவது என்று கேட்டிருக்கிறார், நாளைக்கு எழுதுகிறேன்.